ஆடலரங்கின் இசையும் ஆலயத்தின் இசையும்

எம் தாய்மாமனார் புதுவை நகரில் கிளாரினெட்டு வாசிப்பவர். கலியாண ஊர்வலத்திற்கும், தேர்ப் பவனிக்கும், சவ அடக்கத்திற்கும் பேண்டு செட்டோடு சென்று வாசிப்பதே அவர்தம் சீவனம். மண ஊர்வலத்தில் சினிமாப் பாட்டு வாசிக்கும் அதே குழலால், மறுநாட் காலையில் கல்லறைத் தோட்டத்திற்குச் செல்லும் பிரேதத்தின் முன்னே உருக்கமான ஞானப்பாட்டு ஒன்றை வாசித்து, வழிச்செல்வோரையும் கண்கலங்கச் செய்வார். சென்ற ஆண்டு கிறிஸ்து பிறப்புத் திருநாள் நெருங்கிய வேளையில், ஆலயத்தின் நடுச்சாமப் பூசையிலே பாடகர் குழுவோடு அமர்ந்து தாமும் வாசிக்க விரும்பி, அங்குள்ள பெரியவர் ஒருவரை அணுகிக் கேட்டார். பெரியவர் கடிந்துரைத்தாரல்லர். மெல்லச் சிரித்து, "சாவுக்கு ஊதுகிற குழலைச் சாமி பிறப்புக்கு ஊதலாமா, ஐயா?" என்று மட்டும் வினவினார். மாமா வீட்டிற்கு வந்து வாத்தியப் பெட்டியை அலமாரியின் மேலே வைத்துவிட்டார்.

பின்னர் ஒருநாள் எம்மை நோக்கி, "மாப்பிள்ளை, நீ தமிழ் படிக்கிற பிள்ளையாயிற்றே. ஊர்வலத்துக்கு வாசிக்கிற வாத்தியம் கோயிலுக்குள்ளே வரக்கூடாது என்று எந்தப் புத்தகத்திலே எழுதியிருக்கிறது? பார்த்துச் சொல்லு" என்றார். அவர் விளையாட்டாகக் கேட்டாரோ, வருத்தத்தோடு கேட்டாரோ, அறியோம். ஆயினும் அவ்வினா எம்மை விட்டு அகலவில்லை. கல்லூரி நூல்நிலையத்தில் சில வாரங்கள் தேடியும், இசைத்தட்டுக்களைக் கேட்டும் யாம் அறிந்தவற்றை இக்கட்டுரையில் அன்பர்கட்கு எடுத்துரைக்கப் புகுந்தோம்.

முதலில் எமக்குக் கிடைத்த விடை மாமாவுக்கு உவப்பானதன்று. அவ்வாறு எழுதிய ஏடு உண்மையாகவே உண்டு. 1903-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் தேதி, இசைவாணர்க்குப் பாதுகாவலியாகிய அர்ச். செசிலியம்மாளின் திருநாளன்று, பத்தாம் பத்திநாதராகிய பாப்பரசர் திருச்சபைச் சங்கீதத்தைக் குறித்து ஒரு கட்டளை வெளியிட்டார். நாடகசாலையின் சாயல் கொண்ட இசை ஆலயத்தினுள் ஒலிக்கலாகாது என்பது அதன் உட்கிடை. பியானோவும், முரசும், கைத்தாளமும், அவை போன்ற ஆரவாரக் கருவிகளும் அங்கே விலக்கப்பட்டன. பேண்டு வாத்தியக் கூட்டத்தார் உள்ளே வாசித்தல் கண்டிப்பாகத் தடுக்கப்பட்டது. வெளியே பவனி செல்லும்போது மட்டும், மேற்றிராணியாரின் அனுமதியோடு, உலகியற் பாட்டுக்களை விலக்கி வாசிக்கலாம். எம் மாமாவின் நிலையை அக்கட்டளை வரைந்தோர் நேரிற் கண்டு எழுதியதுபோல் இருக்கின்றதன்றோ! வீதியில் உண்டு, வாசற்படிக்கு உள்ளே இல்லை.

அறுபது ஆண்டுகள் கழிந்தன. 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் தேதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டைப்பற்றித் தீர்மானம் செய்தபோது, தமக்கெனத் தனி இசைமரபு உடைய நாட்டினர் அம்மரபிற்கு வழிபாட்டில் உரிய இடம் பெறவேண்டும் என்றும், தேவ காரியத்திற்குத் தகுதியான பிற கருவிகளை அவ்வந்நாட்டு அதிகாரிகளின் இசைவோடு சேர்க்கலாம் என்றும் கூறியது. ஆதலின் ஏட்டளவில் வழக்கு மாமாவின் பக்கம் தீர்ந்துவிட்டது. ஆனால் 'தகுதியான கருவி' என்னும் சொல்லிலே சிக்கல் இருக்கின்றது. தகுதியை அளப்பது யார்? எதைக்கொண்டு அளப்பது? குழலுக்கு மரமும் நாணலும் வெள்ளித் திறப்பும் உண்டேயன்றிப் பாவமும் புண்ணியமும் இல்லை. அதனை நேற்று எங்கே வாசித்தார்கள் என்பதைக் கொண்டே அதன் தகுதியைக் கணிக்கின்றோம். இவ்வழக்கு நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. கடல் கடந்த நாட்டில் ஜாஸ் என்னும் சங்கீதத்தைக் குறித்து இது பெரிதாக எழுந்தது. அதனைச் சிறிது விரித்துக் கூறுவாம்.

ஜாஸ் பிறந்த நகரம் புதுவைக்கு ஒருவகையில் உறவுமுறை. வட அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றின் முகத்துவாரத்தை அடுத்துள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரத்தை 1718-ஆம் ஆண்டில் நிறுவியவர் பிரஞ்சுக்காரர். பின்னர் அஃது ஸ்பானியர் கைக்கு மாறி, மீண்டும் பிரான்சை அடைந்து, 1803-இல் அமெரிக்க ஐக்கிய நாட்டிற்கு விற்கப்பட்டது. புதுவையைப் போன்றே அங்கும் பிரஞ்சுப் பெயர் பூண்ட வீதிகளும் கத்தோலிக்க ஆலயங்களும் பட்டாளத்துப் பேண்டு வாத்தியமும் நிலைத்தன. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொணரப்பட்ட மக்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கே ஒரு வெளியிற் கூடி, தம் முன்னோரின் முரசுகளை முழக்கி ஆடினர். இவ்விரண்டும் கலந்ததன் பயனே, சற்றேறக்குறைய 1900-ஆம் ஆண்டையொட்டி உருவான ஜாஸ். அந்நகரத்துப் பேண்டு வாத்தியக்காரர் சவ ஊர்வலத்திலும் வாசிப்பர். கல்லறைக்குச் செல்லும்போது மெதுவாகவும் துயரமாகவும் ஞானப்பாட்டு வாசிப்பர். அடக்கம் முடிந்து திரும்பும்போது, இறந்தவர் துன்பத்தினின்று விடுபட்டார் என்னும் களிப்பினால், துள்ளலான நடையில் வாசித்துக்கொண்டு வருவர். ஊரார் பின்னால் ஆடிக்கொண்டு வருவர். இதனை மாமாவிடம் கூறியபோது, "நாம் போகும்போது வாசிப்பதோடு சரி; திரும்பும்போது கூலியை எண்ணிக்கொண்டு வருவோம்" என்றார்.

ஜாஸ் யாது என்பதைக் கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகியவர்க்கு விளக்குதல் கடினமன்று. ஒரு சிறிய மெட்டை முதலில் எல்லாரும் கூடி வாசிப்பர். அது பல்லவி போன்றது. பின்னர் ஒருவர்பின் ஒருவராய் அம்மெட்டின் சுருதிக் கட்டையும் தாள அளவையும் விடாமல், அவ்வேளையில் மனத்தில் எழும் கற்பனையை வாசிப்பர். இது நம் வித்துவான்கள் நிரவலும் கற்பனைச்சுரமும் பாடுவதை ஒக்கும். இறுதியில் மீண்டும் பல்லவியில் வந்து சேர்வர். ஒருவர் கேட்க, மற்றவர் விடை கூறுவது போன்ற எதிர்வாசிப்பும் அதிலுண்டு. தாளத்தின் அடி நேராக விழாமல் சற்றே பின்தங்கி ஊசலாடுவது அதன் உயிர்நிலை. சுரங்களை வளைத்தும் இழைத்தும் வாசிப்பதனால், மேனாட்டு இசையாக இருந்தும் நம் செவிக்கு அந்நியமாகத் தோன்றுவதில்லை. ஆயினும் அது வளர்ந்த இடங்கள் மதுக்கடைகளும் நடனசாலைகளும் என்பதனால், பக்தியுள்ள நீக்ரோக் குடும்பத்தினரே அதனைத் தம் வீட்டில் வாசிக்கத் தடுத்தனர். அவர்களை நாம் பழித்தல் தகாது. அடிமைத்தனத்தினின்று மீண்ட மக்கள் தம் பிள்ளைகளை மதுக்கடையினின்று காக்க விரும்பியது இயல்பே.

அவ்விசையின் பெருந்தலைவருள் ஒருவர் ட்யூக் எல்லிங்டன் என்பார். 1899-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் தேதி வாஷிங்டன் நகரிற் பிறந்தவர். 1927 முதற் சில ஆண்டுகள் நியூயார்க்கு நகரத்துக் 'காட்டன் கிளப்' என்னும் நடனசாலையில் வாசித்துப் புகழ்பெற்றார். அச்சாலையின் மேடையில் ஆடுவோரும் பாடுவோரும் கறுப்பர்; பார்க்க வருவோரோ வெள்ளையர் மட்டும். இங்ஙனம் தம் இனத்தார் காசு கொடுத்தும் உள்ளே புக முடியாத இடத்தில் வாசித்தவர், 1965-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோ நகரத்துக் கிரேஸ் பேராலயத்தினுள் தம் பதினைந்து பதினாறு வாத்தியக்காரரோடும் பாடகர் குழுவோடும் நுழைந்து, தாம் இயற்றிய 'புனித இசையரங்கை' நடத்தினார். ஆதியாகமத்தின் முதற் சொற்கள் ஆங்கிலத்தில் ஆறு அசை கொண்டவை. அவ்வாறு அசைக்கும் ஆறு சுரங்கள் அமைத்து, அவற்றையே பல கருவிகளிலும் மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்தார். நிகழ்ச்சியில் மற்றொரு பகுதி எமக்கு மிகவும் வியப்பளித்தது. தாவீது அரசன் உடன்படிக்கைப் பெட்டியின் முன் ஆடிய வரலாற்றை இசைக்கும்போது, பன்னி பிரிக்ஸ் என்னும் நடனக்காரர் பேராலயத்தின் பலிபீடத்திற்கு முன்னே காலணியால் தாளமிட்டு ஆடினார். சாளரத்தின் வழியாய்ப் பார்த்துத் தாவீதை இகழ்ந்த மீகாளின் கதையை அறிந்தவர்கள் அன்று அக்கூட்டத்தில் யாரும் முகஞ்சுளிக்க அஞ்சியிருப்பர்!

ஆனால் முகஞ்சுளித்தவரும் உண்டு. 1966-ஆம் ஆண்டில் எல்லிங்டன் தாம் பிறந்த வாஷிங்டன் நகரிலே அவ்விசையை நடத்த முற்பட்டபோது, அந்நகரத்துப் பாப்திஸ்து போதகர் சங்கத்தார், இஃது உலகியல் இசை என்று கூறி ஆதரவளிக்க மறுத்தனர். மறுத்தவரும் அவர் இனத்தவரே. அவரோ மனந்தளரவில்லை. 1968-இல் நியூயார்க்கு நகரத்து அர்ச். யோவான் பேராலயத்தில் இரண்டாவது இசையரங்கும், 1973-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் தேதி இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் மூன்றாவதும் நடத்தினார். மூன்றாவதன்போது அவர் புற்றுநோயினால் மெலிந்திருந்தார். 1974-ஆம் ஆண்டு மே மாதம் காலமானார். இவ்விசையைத் தம் வாழ்நாளின் தலையாய பணியாக அவர் மதித்தார்.

மேரி லூ வில்லியம்ஸ் அம்மையாரைப் பற்றியும் இரண்டு வார்த்தை கூறாமற் செல்லல் ஆகாது. பியானோ வாசிப்பில் ஆடவர்க்கு இளையாதவர் என்று பெயரெடுத்த அவர், 1954-இல் பாரிசு நகரத்தில் வாசிப்பை நிறுத்திவிட்டுச் செபத்திலும் ஏழைகட்கு உதவுவதிலும் காலங்கழிக்கத் தொடங்கினார். 1957-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றார். வாசிப்பதை முற்றும் துறப்பதே பக்தி என்று அவர் எண்ணியிருந்தகாலை, குருமார் சிலரே, 'உம்முடைய இசையே உமது செபம்' என்னும் கருத்துப்பட ஊக்கி அவரைத் திரும்பவும் பியானோவின் முன் அமர்த்தினர். 1962-இல் அர்ச்சியசிஷ்டராக உயர்த்தப்பட்ட பெரு நாட்டுக் கறுப்பினச் சகோதரராகிய மார்ட்டின் தெ போரசைப் பற்றி அவர் இயற்றிய பாடல் பெயர்பெற்றது. 1975-ஆம் ஆண்டில், அவர் இயற்றிய ஜாஸ் பூசை நியூயார்க்கு நகரத்து அர்ச். பத்திரிக்கு பேராலயத்திலேயே நடந்தது. மாமாவின் பெரியவர் அங்கிருந்திருப்பின் யாது சொல்லியிருப்பாரோ!

இவர்களுள் ஒருவர் நம் தமிழ்நாட்டு மண்ணை மிதித்தவர். டேவ் புரூபெக் (1920-2012) என்னும் வெள்ளைக்காரர் தம் நால்வர் குழுவோடு 1958-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கத்தாரால் பல நாடுகட்கும் அனுப்பப்பட்டபோது, சென்னைக்கும் வந்தார். அங்கே இடக்கை மிருதங்க மேதையாகிய பழனி சுப்பிரமணிய பிள்ளையின் வாசிப்பைக் கேட்டு வியந்து, அவரோடு கூடியும் வாசித்தனர். ஒருவர்க்கு ஒருவர் மொழி தெரியாது. தாளக் கணக்கு ஒன்றே இடையில் நின்றது. இப்புரூபெக்கே பின்னாளில் பெரிய தெய்வ இசைகளை இயற்றினார். இரண்டாம் உலக யுத்தத்திற் போர்வீரராக இருந்தவர் அவர். யேசுநாதர் வனாந்தரத்தில் இருந்ததையும் மலையிற் போதித்ததையும் பொருளாகக் கொண்ட அவருடைய முதற் பேரிசை 1968-இல் அரங்கேறியது. பின்னர் ஒரு கத்தோலிக்கப் பத்திரிகாசிரியர் வேண்டியதற்கு இணங்கி முழுப் பூசைக்கும் இசையமைத்தார். அதிற் கர்த்தர் கற்பித்த செபத்தை விட்டுவிட்டார் என்று ஒரு குருவானவர் சுட்டிக்காட்டினார். முடிந்த வேலையைக் கலைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் குடும்பத்தோடு விடுமுறைக்குச் சென்ற புரூபெக், ஓரிரவு அச்செபத்தின் இசை முழுவதையும் கனவிற் கேட்டு எழுந்து எழுதிவைத்தாராம். 1980-இல் அவர் அச்சபையிற் சேர்ந்தார். சபை மாறினேன் என்று பிறர் கூறுவதை அவர் ஏற்கவில்லை. முன்பு எதிலும் சேர்ந்திராத நான் எதிலிருந்து மாறுவது என்பது அவர் வாதம்.

இவ்வளவும் கூறியபின்பு மாமா, "வெள்ளைக்கார தேசத்துக் கதை நமக்கு எதற்கு? நம் பக்கத்தில் யாரும் இல்லையா?" என்றார். உண்டு. அமெரிக்கர் இதனை எண்ணுவதற்கு நூற்றறுபது ஆண்டுகட்கு முன்னரே தஞ்சையில் ஒருவர் செய்து முடித்துவிட்டார். தமிழ் பயிலும் மாணவராகிய எமக்கு இதனை முதலிற் கூறாதது பிழையே.

வேதநாயக சாஸ்திரியார் 1774-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் தேதி பாளையங்கோட்டையிற் பிறந்தார். தந்தையார் தேவசகாயம் என்னும் உபதேசியார், தாமும் கவி பாட வல்லவர். சிறுவனுக்குப் பன்னிரண்டு வயது அளவிலே, ஷுவார்த்சு ஐயர் அவனைக் கண்டு தஞ்சைக்கு அழைத்துச்சென்று தம் மகன்போல் வளர்த்தார். பின்னாளில் மன்னரான சரபோஜியும் அவ்வையரின் பாதுகாப்பில் இருந்தவரே. ஆதலின் அரசிளங்குமரரும் உபதேசியார் மகனும் ஒருசாலை மாணாக்கராயினர். பின்னர்த் தரங்கம்பாடியில் வேதசாஸ்திரம் பயின்று திரும்பி, இளவயதிலேயே தஞ்சையில் உபாத்தியாயர்களைப் பயிற்றும் பாடசாலைக்குத் தலைவரானார்.

அக்காலத்துத் தஞ்சையில் எங்கும் ஒலித்தது சதிர்க் கச்சேரியின் இசை. அரண்மனையிலும் பெரிய கோயிலிலும் தேவரடியார் ஆட, நட்டுவனார் தாளமிட, பதமும் வர்ணமும் தில்லானாவும் முழங்கிய காலம். குறவஞ்சி நாடகம் அவ்வரங்கிற்கு உரிய பெருவிருந்து. குறவஞ்சியின் கதையமைப்பை அன்பர்கள் திரிகூடராசப்பக் கவிராயரின் நூல்வாயிலாக அறிவர். தலைவன் பவனி வருவான். தலைவி கண்டு காதல்கொண்டு மெலிவாள். மலைக்குறத்தி வந்து தன் நாட்டுவளம் பாடிக் கைபார்த்துக் குறி கூறுவாள். குறத்தியைத் தேடிப் பறவை பிடிக்கும் சிங்கன் வருவான். சிருங்காரமே அதன் முதலும் முடிவும். சரபோஜி மன்னரையே தலைவராக வைத்துக் கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய குறவஞ்சியும் உண்டு. அது தஞ்சைப் பெரிய கோயிலில் ஆடப்பெற்றது.

இந்நாடகத்தையே சாஸ்திரியார் 1800-ஆம் ஆண்டில், தம் இருபத்தாறாவது வயதில், 'பெத்லகேம் குறவஞ்சி' என ஆக்கினார். பெத்லகேமின் நாயகராகிய கிறிஸ்து பவனி வருகின்றார். அவரைக் கண்டு மெலியும் தலைவி தேவமோகினி. அவள் சீயோனின் குமாரத்தி, அதாவது திருச்சபை. குறி கூற வரும் குறத்தி விசுவாசம் என்னும் ஞானச்சிங்கி. ஞானச்சிங்கனோ சுவிசேஷ வலையை விரித்து ஆத்துமாக்களாகிய பறவைகளைப் பிடிக்கும் உபதேசி. மனிதரைப் பிடிக்கும் மீன்காரரைப் பற்றிச் சுவிசேஷத்திற் படிக்கின்றோம். தஞ்சையார் நன்கறிந்த கண்ணியும் கொக்கும் வைத்து அதனையே சாஸ்திரியார் பாடிவிட்டார். குறத்தி தன் மலைவளம் கூறும் மரபை ஒட்டி உலகத்து நாடுகளையும், வானத்துக் கோள்களின் இயக்கத்தையும் பற்றித் தாம் ஐரோப்பியரிடம் கற்ற புதுக் கல்வியையும் நூலினுள் ஏற்றினார். இதனைக் காணுந்தோறும் எமக்கு நகையும் வியப்பும் ஒருங்கே எழும். குறத்தி வாயிலாக வானசாத்திரம் கேட்பது யார் நினைத்த காரியம்!

இசையைப் பற்றிச் சொல்லவேண்டுவது இது. அவர் சதிரின் சிந்தையும், கண்ணியையும், கீர்த்தனத்தையும் அவற்றுக்குரிய இராக தாளங்களோடே எடுத்துக்கொண்டார். ஜெர்மனி நாட்டு ஞானப்பாட்டின் மெட்டில் தமிழ்ச்சொற்களை நெருக்கிப் புகுத்துவதே அதுவரை மிஷன் ஆலயங்களிற் பெருவழக்கு. நெட்டெழுத்து விழவேண்டிய இடத்திற் குற்றெழுத்து விழுந்து நொண்டும். சாஸ்திரியார் பாட்டில் சொல்லும் சந்தமும் ஒன்றையொன்று தழுவி நடக்கும். அவர் வெறும் நூலாசிரியரல்லர். பின்பாட்டுக்காரரோடு நின்று கதை சொல்லி, பாடி, பொருள் விரிக்கும் காலட்சேபம் நடத்தியவர். அம்மரபு அவர் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. அவருடைய கீர்த்தனைகள் சபைப் பேதமின்றி எங்கும் பரவின. தமிழ்நாட்டுப் புரொட்டஸ்டாண்டு ஆலயங்களில் 'லிரிக்ஸ்' எனப் பாடப்பெறும் பாமாலைகளிற் பல அவருடையன. கத்தோலிக்கருள் மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826-1889) பிற்காலத்திற் கர்நாடகக் கீர்த்தனை முறையில் பாடினார் என்பதும், அவர் பாடல்களை இன்றைய கச்சேரி வித்துவான்களும் பாடுகின்றனர் என்பதும் அன்பர் அறிந்தனவே.

மாமாவின் குழலுக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. சரபோஜி மன்னர் தம் அரண்மனையில் மேனாட்டுப் பேண்டு ஒன்றை அமைத்து வைத்திருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கிளாரினெட்டு சதிர்க் கச்சேரியிற் புகுந்து, முகவீணை இருந்த இடத்தைப் பற்றிக்கொண்டது. அதனைத் தனிக் கச்சேரி மேடைக்கு உயர்த்திய பெருமை திருச்சி ஏ. கே. சி. நடராஜனுக்கு உரியது. ஆகவே தஞ்சையில் ஆடலரங்கிலிருந்து பாட்டு ஆலயத்திற்குள் வந்துவிட்டது. அதே அரங்கில் இருந்த குழல்தான் வாசலில் நிற்கின்றது.

இம்மட்டில் நிறுத்தினால் கட்டுரை இனிதாக முடியும். ஆனால் சாஸ்திரியாரின் வாழ்வில் மற்றொரு பக்கமும் உண்டு. அதனை மறைத்தல் அறமன்று. ஷுவார்த்சு ஐயர் 1798-இல் இறந்தபின், காலப்போக்கில் வந்த இளைய மிஷனெரிமார்க்கும் தஞ்சைச் சபையார்க்கும் பிணக்கு மூண்டது. 1829-ஆம் ஆண்டளவில் அது முற்றியது. சாஸ்திரியார் முறையிட்டவை நான்கு. பழைய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றுதல் ஒன்று. திருநாளிலும் மணத்திலும் பூமாலை கூடாதெனத் தடுத்தல் ஒன்று. தமிழ்ச் சங்கீதத்தை ஆலயத்தில் நிறுத்துதல் ஒன்று. இம்மூன்றிலும் எம் உள்ளம் அவர் பக்கமே சாய்கின்றது. நான்காவது, சாதியாரையும் பறையரையும் ஆலயத்திற் கலந்து உட்காரவும் ஒன்றாக நற்கருணை பெறவும் வற்புறுத்துதல். இதனையும் அவர் கொடுமை என்றே எழுதினார். இப்பிணக்கினால் அவர் மிஷன் உத்தியோகத்தை இழக்க, பழைய தோழராகிய சரபோஜி மன்னர் அவரை அரண்மனைப் புலவராக ஆதரித்தார். அம்மன்னர் பெருவுடையார்மீது பாடுமாறு வேண்டியபோது சாஸ்திரியார் மறுத்து, யேசுநாதரையன்றிப் பாடேன் என்று நின்றார் எனவும், மன்னர் சினவாது விட்டார் எனவும் வழிவழியாகச் சொல்வர். மன்னர் முன் அஞ்சாத அந்நெஞ்சு, ஆலயத்துப் பாயில் அயலான் ஒருவன் அருகே அமர்வதற்குக் கூசியது.

அவரை மட்டும் குறைகூற நமக்கு உரிமையில்லை. நம் புதுவையிலும் இது நடந்ததே. ஆனந்தரங்கப் பிள்ளையின் தினசரியில் 1745-ஆம் ஆண்டுக் குறிப்பொன்று உண்டு. சம்பாக் கோயிலினுள்ளே சாதிக் கிறிஸ்தவர் ஒருபுறமும் பறையர் ஒருபுறமுமாகப் பிரிக்கச் சுவர் இருந்தது. பறையர் குருக்களிடம் சென்று, தாங்களும் பிள்ளைகளாயின் இச்சுவர் எதற்கு என்று முறையிட, குருக்கள் அச்சுவரை இடிப்பித்தார். அதன்பேரில் சாதிக் கிறிஸ்தவர் பெருங்கலகம் செய்தனர். அந்த ஆலயம் 1761-இல் ஆங்கிலேயர் நகரை அழித்தபோது அழிந்தது. இன்று மிஷன் வீதியில் நிற்கும் கட்டடம் 1791-இல் எழுந்தது. சுவர் போயிற்று, ஆனால் சவ ஊர்வலத்தில் வாசிப்போர் யார் என்று ஊரார் எண்ணிவைத்த எண்ணம் போயிற்றா? பெரியவர் கேட்ட வினாவில், "சாவுக்கு ஊதுகிற குழல்" என்னும் சொற்களுக்குள்ளே, குழலைப் பற்றியதல்லாத வேறொன்றும் ஒளிந்திருந்தது என்றே எமக்குத் தோன்றுகின்றது. ஜாஸ் இசையை ஆலயத்தினின்று விலக்கினோர் அதன் துள்ளலையே குறைகூறினர். ஆயினும் அவ்விசையைப் பிறப்பித்தோர் வெள்ளையர் ஆலயங்களிற் பின்வரிசையிலும் மேன்மாடத்திலும் நிறுத்தப்பட்டவர் என்பதை மறவாதிருப்போமாக.

எழுதியதை எல்லாம் ஒருநாள் மாலை மாமாவுக்குப் படித்துக் காட்டினோம். எல்லிங்டன் இசைத்தட்டையும் கேட்கச் செய்தோம். முதலில் அவர் பெரிதும் கவனித்தது கிளாரினெட்டு வாசிப்பவர் மூச்சை எங்கே எடுக்கின்றார் என்பதையே. பின்பு குறவஞ்சிக் கதையைத் திரும்பவும் சொல்லச்சொல்லிக் கேட்டு மகிழ்ந்தார். சாஸ்திரியாரின் நான்காவது முறையீட்டைப் படித்தபோது மட்டும் முகம் மாறிற்று. அவர் செட்டில் டிரம் அடிப்பவர் இருபது ஆண்டுகளாய் அவரோடு இருக்கும் தோழர். இருவரும் ஒரே சைக்கிளில் எத்தனையோ சாவு வீட்டுக்குச் சென்றவர்கள்.

"அவ்வளவு நன்றாகப் பாடினவர், தாளம் போட்டவனை எங்கே உட்கார வைத்தாராம்?" என்றார் மாமா.

எமக்கு விடை கூறத் தெரியவில்லை.

இவ்வாண்டு எமது கல்லூரியிற் கிறிஸ்து பிறப்புக் கீத ஆராதனைக்கு யாம் அவரை அழைத்தோம். மாணவர் விடுதித் தலைவரும் இசைந்தார். மாமா அலமாரியின் மேலிருந்த பெட்டியை இறக்கித் தூசி துடைத்து, நாணலை மாற்றவேண்டும் என்று முணுமுணுத்தார். வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார், டிரம் அடிப்பவருக்கும் தம் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போடவேண்டும் என்பது அவர் கேட்ட ஒரே நிபந்தனை.